அடுக்களைக் கணக்கு

நம் இல்லங்களில் புலால் இல்லை, கள் இல்லை, தேனும் இல்லை. நீரை வடிகட்டியே பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம். இத்துணை ஒழுக்கத்துடன் உண்போர்க்கு உணவினால் நோய் எங்ஙனம் வரும் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. 62 வயது வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதைச் சமையற்கட்டில் நின்று கற்றுக்கொண்டேன். நோன்பு நமக்கு எதனை விலக்குவது என்று கற்பிக்கிறது. விலக்கிய பின்னர் உண்கலத்தில் எஞ்சுவது யாது, அது எவ்வளவு, அதனை உண்பவர் யார் என்பவற்றை நாம்தான் பார்த்தாக வேண்டும். இக்கட்டுரையில் யான் சொல்ல விழைவது இவ்வளவே.

நாங்கள் வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த உழவர் குடியினர். மகனின் பணி நிமித்தம் காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய திருவேட்டக்குடியில் வாழ்கிறோம். சம்பந்தர் பாடிய சிவத்தலம் இது. இறைவன் வேடுவக் கோலம் பூண்ட கதையுடன் இயைந்த ஊர்ப்பெயர். மீனவர் குடியிருப்பும் நெல்வயலும் அருகருகே அமைந்த ஊர். தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் இங்கேயே உள்ளது. வேட்டையின் பெயர் தாங்கிய ஊரில் கொல்லாமை நோன்பினர் குடியிருப்பதை எண்ணி என் தாயார் நகைப்பதுண்டு. ஜினாலயம் தொழ நாங்கள் தீபங்குடிக்கோ மன்னார்குடிக்கோ செல்ல வேண்டும்.

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் 20 வயதிற்கு மேற்பட்டோருள் நீரிழிவு உடையோர் 100க்கு 11.4 பேர்; புதுச்சேரியிலோ 26.3 பேர். கோவாவிற்கு அடுத்து இதுவே மிகுந்த அளவு. அந்த 26 பேருள் ஒருவராக என் மனைவியார் இருந்தது அவர் கை முறியும் வரை எங்களுக்குத் தெரியாது.

அடுக்களை புகுந்த கதை

ஈரமாயிருந்த அடுக்களைத் தரையில் வழுக்கி விழுந்து அவருக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போடுமுன் எடுத்த குருதிச் சோதனையில் நீரிழிவு வெளிப்பட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 8.6 என்று வந்தது, 6.5க்கு மேற்பட்டாலே அது நீரிழிவு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "சோற்றைக் குறையுங்கள், காயும் பயறும் கூட்டுங்கள்" என்றார்.

கூட்டுவது யார்? தாயாருக்கு 84 வயது. மகன் காலையில் சென்றால் மாலையில் திரும்புபவன். எஞ்சியவன் நான். வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதிய எனக்குப் பாலைக் காய்ச்சுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதைவிட விருப்பமில்லை என்பதே உண்மை. ஆறு வாரம் உணவகத்திலிருந்து வாங்கிச் சமாளிக்கலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் கொள்ளாத வீட்டிற்கு, அதுவும் மாலை ஐந்து மணிக்கு, உணவு தருவார் யார்? மனம் கசந்தே அடுப்பை மூட்டினேன். முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. "பரவாயில்லைங்க, நாளைக்கு நல்லா வரும்" என்று மனைவியார் ஒரு வாரம் ஓயாமல் சொன்னார்.

மளிகைக் குறிப்பேடு

சமையல் தெரியாவிடினும் கணக்கு தெரியும். எங்கள் வீட்டு மளிகைக் குறிப்பேட்டை எடுத்து, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அவ்வழிகாட்டி கூறும் அளவுகள் இவை: தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டையும் விதையும் 35 கிராம், பால் 300 மில்லி, எண்ணெயும் நெய்யும் 27 கிராம். இவை யாவும் சமைக்குமுன் உள்ள எடை. உடலுழைப்பிற்கும் வயதிற்கும் ஏற்ப இவை கூடும், குறையும்.

எங்கள் வீட்டில் நால்வர். அரிசி திங்களுக்கு 25 கிலோ மூட்டை இரண்டு. ரவையும் கோதுமை மாவும் 4 கிலோ. தலைக்கு நாளொன்றுக்கு 450 கிராம். பருப்பு வகை எல்லாம் சேர்த்து 5 கிலோ, அதாவது தலைக்கு 42 கிராம். காய்கறி வாரத்திற்கு 4 கிலோ. தலைக்கு ஏறத்தாழ 143 கிராம். தானியம் இருக்கவேண்டியதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு, பருப்பு பாதி, காய் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. நோயை அறிய மருத்துவச் சோதனை வேண்டியிருந்தது. நோய் வந்த வழியைக் குறிப்பேடு ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதியவன் நான், படிக்காதவனும் நான்.

இவ்விடத்தில் ஒன்று நினைவிற்கு வருகிறது. காரைக்கால் என்றவுடன் யாவரும் நினைப்பது அம்மையாரின் மாங்கனிக் கதை. அடியார் பசியோடு வந்தபோது சோறு ஆயிற்று, கறி இன்னும் ஆகவில்லை. அதனால்தான் அம்மையார் மாங்கனியைப் பரிமாறினார் என்று பெரியபுராணம் கூறும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இதே நிலைதான்: சோறு எப்பொழுதும் ஆயிற்று; கறி எப்பொழுதும் போதவில்லை.

மீதத்தை உண்பவர்

குறிப்பேடு தரும் சராசரி நால்வருக்கும் பொது. அவ்வாறாயின் நால்வருள் ஒருவருக்கு மட்டும் நோய் ஏன் வந்தது? பரம்பரை உண்டு, வயது உண்டு என்பார் மருத்துவர், அவை மெய்யே. ஆயினும் வேறொன்றும் உண்டு என்பதை அடுப்படியில் நின்ற மூன்றாம் வாரத்தில் கண்டேன்.

அன்று அவரைக்காய்ப் பொரியலும் சாம்பாரும். மகனுக்கும் தாயாருக்கும் மனைவியாருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் அமர்ந்தேன். சட்டியில் பொரியல் இல்லை. சாம்பாரில் தான்கள் அகப்பையில் வரவில்லை, நீர் மட்டும். சோறு மட்டும் பானையில் நிறைய இருந்தது. வீணாக்கலாகாது என்று மோர் ஊற்றி, ஊறுகாய் தொட்டு அத்தனையும் உண்டேன். உண்ணும்போதே எனக்குத் தோன்றியது: 35 ஆண்டுகளாக இந்த இடத்தில் அமர்ந்தவர் அவரல்லவா? கறி தீரும், சோறு மிஞ்சும், அடுக்களையில் நிற்பவர் மிஞ்சியதை உண்பார். ஒரு வீட்டிற்குள்ளேயே இரண்டு வகை உணவு நடந்துகொண்டிருந்தது. மாலையில் கதிரவன் சாயுமுன் எல்லாரையும் உண்பிக்கும் விரைவில் அவருக்குக் கிடைத்தது கால் மணி நேரமும் பானையின் அடிச்சோறும். மனைவியாரிடம் இதைக் கேட்டேன். "நீங்க இப்பதான் பாக்கறீங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் சமைத்தவருக்குரிய கறியையும் கூட்டையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறோம், பிறகே பரிமாறுவது. இலையில் காயும் கூட்டும் முதலில் விழும். அவற்றில் பாதியை உண்ட பின்னரே சோறு. காயையும் பயற்றையும் முந்தி உண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் தணியும் என்று மருத்துவரும் சொன்னார். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அரிசியைப் பற்றிச் சில

அரிசியைப் பகைப்பது என் நோக்கமன்று. நம் நாட்டில் உணவாராய்ச்சி தொடங்கியதே அரிசியால்தான். நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் இராபர்ட் மக்கேரிசன் என்னும் மருத்துவர் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அளவிற்கு மீறித் தீட்டிய அரிசியையே உண்பார்க்கு வரும் நோய் அது. தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து போய்விடுவதே காரணம். அவ்வோர் அறை ஆய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. நெல்லை அவித்துக் குத்தும் நம் முன்னோர் வழக்கில் அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலின் தீட்டினாலும் புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட அது மிகுதியாக எஞ்சும். பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் எஞ்சியதையும் போக்கும். நான் இருமுறை கழுவி, அளவாக நீர் வைத்து, வடிக்காமல் சமைக்கிறேன். 200 மில்லி டம்ளரில் தலைதட்டிய அரிசி ஏறத்தாழ 170 கிராம் என்பதை ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு தராசு வேண்டுவதில்லை.

கேழ்வரகும் கம்பும் உண்டால் நீரிழிவு அகலும் என்று உறவினர் பலர் கூறினர். வந்தவாசிப் பக்கத்தார்க்குக் கேழ்வரகுக் களி புதிதன்று. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதும் மெய். ஆயினும் மேற்சொன்ன ஆய்வுக் குழுவினரே 2025இல் வெளியிட்ட முடிவு வேறொன்றைக் கூறுகிறது. இந்தியர் உணவின் ஆற்றலில் 100க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது; அரிசிக்கு மாற்றாகக் கோதுமையோ சிறுதானியமோ கொள்வதால் மட்டும் பயன் விளைவதில்லை; மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து அவ்விடத்தில் பயறும் பாலும் முதலிய புரதம் சேர வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் அவ்வாறே. நீரிழிவுக்காரர்க்கு அவை சர்க்கரையின் உடன்பிறப்புகள்.

ஐப்பசி இரவு

இனிக் கூறுவது என் பிழை. நோன்பு காக்கும் குடும்பத்தார் இதனை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

கணக்கைக் கண்ட ஆர்வத்தில் மனைவியாரின் மாலைச் சோற்றை ஒரே நாளில் பாதியாக்கினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. நாங்கள் மாலை ஐந்து மணிக்கே உண்டு முடிப்போர் என்பதையும் அவரிடம் நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. மாத்திரையோ முன்னிருந்த அளவே. இவ்வூரில் கதிரவன் மறைவது ஐப்பசி, கார்த்திகையில் 5.45 மணியளவில், ஆடியில் 6.40 மணியளவில். மறையுமுன் இரு நாழிகையும் எழுந்தபின் இரு நாழிகையும் விடுவோர்க்கு மழைக்காலத்தில் 14 மணி நேரத்திற்கு மேல் வயிறு வெறுமையாக இருக்கும்.

மழை கொட்டிய ஓர் இரவில், மூன்று மணியளவில் மனைவியார் உடல் நடுங்கி, வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறி எழுந்தார். மகன் கருவியால் சோதித்தான். 52 என்று காட்டியது. 70க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு தலையசைத்தார். திருமணத்திற்கு முன்பிருந்தே அவர் இரவில் நீரும் பருகாதவர். நான் கெஞ்சினேன், மகன் சினந்தான், பயனில்லை. அப்பொழுது என் தாயார் சுவரைப் பிடித்தபடி வந்து டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். "குடி அம்மா. மருந்து இது. விடிஞ்சதும் நானும் உன்கூட இருந்து பிராயச்சித்தம் பண்றேன்" என்றார். மாமியார் சொல்லை மறுக்காமல் அவர் பருகினார். கால் மணி நேரத்தில் நடுக்கம் தணிந்தது. அன்று காலை 84 வயதினர் ஒருவேளை உணவு விட்டதை எங்களால் தடுக்க இயலவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் என்றும், மெட்ஃபார்மின் மட்டும் உண்பார்க்கு அவ்வச்சம் மிகக் குறைவு என்றும் விளக்கி, மாலை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். முன்னரே சொல்லியிருந்தால் அவ்விரவே நேர்ந்திராது. ஆதலின் நீரிழிவுக்கு மருந்துண்ணும் நம்மவர், தாம் உண்ணும் நேரத்தையும் அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களையும் மருத்துவரிடம் நாணாமல் சொல்லுதல் வேண்டும். சொன்னால் அதற்கேற்ப மருந்தை அமைத்துத் தருவார். தாழ்சர்க்கரை கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

காயும் பயறும்

முளைகட்டிய பயறு உண்ணச் சொல்லுவர் மருத்துவர். முளையில் எண்ணற்ற உயிர் உண்டென்று அதனை விலக்கும் குடும்பம் எங்களுடையது. அதனால் இழப்பொன்றும் இல்லை என்பதைக் கண்டேன். காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை, கொள்ளு இவற்றை விடியற்காலையில் ஊறவைத்து, பிற்பகலில் ஊறிய நீரைக் கொட்டி, புதிய நீரில் குக்கரில் வேகவைத்தால் மாலை உணவிற்கு ஆயிற்று. முளைக்கும் முன்பே வெந்துவிடும். சாம்பாரைப் பருப்புணவு என்று எண்ணி நாம் ஏமாறுகிறோம். நால்வருக்கு ஒரு கைப்பிடிப் பருப்புப் போட்ட சாம்பார் குழம்பே அன்றிப் பருப்பன்று. கூட்டாகச் செய்தால் பருப்பும் சேரும், காயும் சேரும். காலையில் இரண்டு பங்கு பருப்பிற்கு ஒரு பங்கு அரிசி சேர்த்த அடை. புளித்த மாவை ஏற்காதவர்க்கும் அது பொருந்தும்.

காய்க்கு இக்கடற்கரையில் குறைவில்லை. புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை, வாழையின் காயும் பூவும் தண்டும் யாவும் கிடைக்கும். முருங்கை எங்கள் கொல்லையிலேயே நிற்கிறது. அதன் கீரையை வெயிலில் விரித்து, இலையிலையாகப் புழுப் பார்த்து ஆய்வதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் எனக்கு அதுவே சிறைத்தண்டனை. பிறகு தாயார் உடன் அமர்ந்து பழங்கதை பேசுவதால் பழகிவிட்டது. கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சம்பழம் பிழிகிறேன்; புளிப்பிலுள்ள உயிர்ச்சத்து இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். உண்டவுடன் காப்பி அருந்தினால் அப்பயன் கெடும். ஆதலின் மகனின் காப்பி ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. அவனுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

பி12 என்னும் உயிர்ச்சத்து பயறிலும் காயிலும் இல்லை. நம் உணவில் பாலும் தயிரும் மோருமே அதற்கு வழி. மெட்ஃபார்மின் நெடுநாள் உண்டால் அச்சத்து மேலும் குறையக்கூடும். அம்மாத்திரை உண்ணும் நம்மவர் ஆண்டுக்கொருமுறை அதனைச் சோதித்துக்கொள்வது நன்று. எண்ணெயைப் பற்றி ஒரு சொல்: அப்பளம் பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சும் சிக்கனத்தை நான் கைவிட்டேன். உப்பு தலைக்கு நாளொன்றுக்கு 5 கிராம். நால்வர் கொண்ட வீட்டில் ஒரு கிலோப் பொட்டலம் 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் 40 நாளைத் தாண்டவில்லை. ஊறுகாய் என் தாயாருடையது; அதில் கைவைக்க எனக்குத் துணிவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையில் 8.6 என்பது 7.2 ஆயிற்று. மாத்திரை தொடர்கிறது, நிறுத்தும் எண்ணமும் இல்லை. அரிசி திங்களுக்கு ஒரு மூட்டையும் சிறிதும் ஆகிறது. காய்கறிச் செலவு இருமடங்கிற்கு மேல் ஏறியது. அரிசியில் மீந்தது அதில் ஒரு பகுதியை ஈடு செய்கிறது, முழுவதையும் அன்று.

மனைவியாரின் கை கூடிவிட்டது. அடுப்பு மீண்டும் அவரிடம். காய் நறுக்குவதும் பயறு ஊறவைப்பதும் கிண்ணத்தில் அவர் பங்கை எடுத்து வைப்பதும் என்னிடம். நேற்று வாழைப்பூ ஆய்ந்து மோரில் இட்டுக் கொடுத்தேன். கள்ளன் எனப்படும் தடித்த நரம்பு நான்கைந்தில் அப்படியே இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.